"ம்" என்று சொல்லும்வரை

எங்கள் முதல் நாய் செத்த விதத்தைச் சொல்லாவிட்டால், இரண்டாவது நாய்க்கு நான் செய்தது எதுவும் விளங்காது. பல்லேபொலப் பக்கம் மிளகுத் தோட்டங்களுக்குள் காட்டுப்பன்றி இறங்கும். அதைக் கொல்வதற்குக் கருவாட்டுக்குள்ளோ பூசணித் துண்டுக்குள்ளோ வெடிமருந்தை வைத்துக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஹக்கபட்டாஸ் என்று பெயர். கடித்தால் வெடிக்கும். ஒரு நாள் காலை நடக்கப் போன இடத்தில் எங்கள் நாய் என் கண்முன்னாலேயே அதைக் கவ்வியது. கீழ்த்தாடை இல்லாமல் வீடுவரைக்கும் என் பின்னாலேயே நடந்து வந்தது. இரண்டு நாள் உயிரோடு கிடந்தது. தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் போய் நிற்கும். குடிக்க வாய் இல்லை.

ஆறு மாதம் கழித்து என் மனைவி பஸ் ஹோல்ட்டில் கிடந்த ஒரு செம்பட்டைக் குட்டியைத் தூக்கி வந்தாள். பெட்டை. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அவள் தன் தட்டுச் சோற்றில் மீனைப் பிசைந்து, உருட்டி, கையாலேயே அதற்கு ஊட்டுவாள். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வேனை எடுக்கப் போகுமுன் குட்டியை நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. கோழி எலும்பு, பாண் துண்டு, பொட்டலம் கட்டிய லன்ச் ஷீட்டில் ஒட்டிய சோறு என்று எதையும் அது விடாது. அது தலையைக் குனிகிற ஒவ்வொரு முறையும் நான் குனிந்து அதன் வாயைத் திறந்து பார்ப்பேன்.

மாத்தளை டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டேன்.

"சாப்பாட்ட கைக்குள்ள மூடி வச்சிக்கங்க. மோந்து பாத்துட்டு, வேணாம்னு அது மூஞ்சத் திருப்புற நேரம், அதவிட நல்லதா ஒன்னு குடுங்க. மெதுவாத்தான் பழகும். அடிச்சிறாதீங்க" என்றார்.

ஒரு கிழமை அப்படிச் செய்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை.

கருவாட்டுத் துண்டுகளுக்குள் கொச்சிக்காயை இடித்து அடைத்து, முதல் நாள் பின்னேரமே பாதையோரம் போட்டு வைத்தேன். விடிந்ததும் நைலோன் கயிற்றில் கட்டிக் கூட்டிப் போனேன். அது வாய் வைக்கப் போகும்போது "விடு" என்பேன். கேட்காவிட்டால் கொச்சிக்காய் எரிக்கும், அதற்கு மேல் என் கையில் கொய்யாக் கம்பு இருந்தது. மூஞ்சியைப் புல்லில் தேய்த்துக்கொண்டு கத்தும். இரண்டு மாதத்தில், சாப்பிடலாம் என்று நான் "ம்" சொல்லாமல் தரையில் கிடக்கும் எதையும் தொடாத நாயாகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாராவது கையில் வைத்து நஞ்சு கொடுத்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அது பயமில்லாமல் சாப்பிடுகிற கை ஒன்றுதான் இருந்தது. ஒரு மத்தியானம் மனைவி தண்ணீர் எடுக்க எழுந்த நேரத்தில், அவள் தட்டில் உருட்டி வைத்திருந்த உருண்டைகளுக்குள் கொச்சிக்காய்த் தூளை வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்து ஊட்டினாள். நாய் கத்திக்கொண்டு சுவரில் போய் மோதியது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலை நக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங் கைய வச்சா இதச் செஞ்சீங்க?"

"அது உசுரோட இருக்கணும்னா பழகத்தான் வேணும்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் கை நீட்டினால் நாய் தரையோடு தரையாகப் படுத்து மூத்திரம் விடும். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இதுவரைக்கும் சொல்லிக்கொள்ளலாம். தேத்தண்ணிக் கடையில் செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. நாயின் முன்கால்களுக்கு நடுவே சீனி போட்ட ஒரு பனிஸை வைத்துவிட்டு, நான் அவசரப்படாமல் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பேன். எச்சில் ஒழுகித் தரை நனையும். கடையில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

"பாவம்ணே, சொல்லிருங்க" என்பார் கடைக்காரர்.

"இருக்கட்டும். தேத்தண்ணி முடியட்டும்."

அது பனிஸைப் பார்க்காது. என் வாயைத்தான் பார்க்கும். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் தெரிந்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டே அடுத்த சந்தி வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். இரண்டு காகங்கள் அதன் கால்களுக்கு நடுவே நின்று பனிஸைக் கொத்திக்கொண்டிருந்தன. அது நடுங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. நான் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

போன வருடம் எனக்குக் குடலிறக்க ஒபரேஷன் நடந்தது. புண்ணில் சீழ் வைத்ததால் எட்டு நாள் வார்டில் இருக்க வேண்டி வந்தது. மூன்றாம் நாள் மனைவி ஃபோன் பண்ணினாள்.

"ஒன்னும் திங்க மாட்டேங்குது. தட்ட வச்சா வாசலயே பாத்துக்கிட்டு கெடக்குது. ஸ்பீக்கர்ல போடுறேன், சொல்லுங்க."

"ம்" என்றேன்.

"சத்தமா."

"ம்! ம்!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பக்கம் நாய் எழுந்து ஓடும் நகச்சத்தம் கேட்டது.

"சாப்புடுதா?"

"ஒங்களத் தேடுது. கட்டிலுக்கு அடியில எல்லாம் பாக்குது." அவள் அழுதாள். "என்னா செஞ்சி வச்சிருக்கீங்க நீங்க?"

அதற்குப் பிறகு அவள் எனக்கு ஃபோன் எடுக்கவில்லை. என்ன செய்தாள் என்று எனக்குச் சொன்னதுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், தரையில் நாயோடு படுத்துக்கொண்டாளாம். ஒரே தட்டில் சோற்றைப் போட்டு, அதன் கண்முன்னே தான் ஒரு வாய் சாப்பிட்டு, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். ஐந்தாம் நாள் அது தட்டை நக்கியது. ஏழாம் நாள் அவள் கையிலிருந்து வாங்கியது.

எட்டாம் நாள் மத்தியானம் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினேன். விலா எலும்பெல்லாம் தெரிய, நாய் அவள் மடியில் தலையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. வாயில் இருந்த சோற்றைத் தரையில் துப்பிவிட்டு, காதுகளைத் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு படுத்தது.

"ம்" என்றேன். "சாப்புடு. ம்."

சாப்பிடவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

நாய் துப்பிய சோற்றை மனைவி வழித்து எடுத்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தையல் வலியோடு வெயிலில் போய் நின்றேன். உள்ளே அது மெல்லுகிற சத்தம் கேட்டது. இப்போதும் அதன் சாப்பாட்டு நேரத்தில் நான் வேனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் அவள் கூப்பிடுவாள். சில நாள் கூப்பிடுவதில்லை.