தகரக் குவளையில் முதல் மடக்கு

"எங்கள் திராட்சைக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர், சிறு வயது முதலே ஒயினோடு வளர்ந்த ரசிகை."

எங்கள் திராட்சைப் பண்ணையின் புதிய உணவகம், மெனு அட்டையில் லேனி யாஃப்தாவைப் பற்றி இப்படி அச்சிட்டிருந்தது. ஒயினோடு வளர்ந்தாள் என்பது பொய்யல்ல. கூரை வீட்டுக்காரன் நெருப்போடு வளர்வதில்லையா, அதுபோல. அவள் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. கொடிவரிசையின் கடைசியில் தகரக் குவளையில் ஊற்றிய ஒயின்தான் அந்தக் காலத்தில் எங்களுக்குப் பாதிக் கூலி. சட்டம் அதை நிறுத்தியது. அவள் கணவன் அப்போல்ஸின் தாகத்தை நிறுத்தவில்லை. கல்லீரல் கெட்டுச் செத்தான்.

திறப்பு விழாவுக்கு அழைக்க முதலாளி ரூலோஃபே வந்தார்.

"லேனி ஆன்ட்டி, முதல் குவளைய நீங்கதான் குடிச்சு ஆரம்பிச்சு வைக்கணும்."

"நான் குடிக்கிறதில்லையே, பாஸ்."

"சும்மா ஒரு மடக்குதான். அந்த வீட்டு விஷயத்தையும் அப்படியே பேசி முடிச்சிரலாம்."

வேலையாட்களின் வீடுகள் எல்லாம் விருந்தினர் அறைகளாகிவிட்டன. அங்கிருந்தவர்கள் நகரோரத் தகரக் கொட்டகைகளுக்குப் போய்விட்டார்கள். லேனியின் வீடு மட்டும்தான் பாக்கி. உள்ளே எழுந்து நடக்க முடியாத மகன்.

கண்ணாடிச் சுவர் போட்ட கூடத்தில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். வெள்ளைத் தட்டில் கட்டைவிரல் அளவு புகைபோட்ட மீன், ஒரு பொட்டு பாதாமிப் பழ ஜாம். பரிமாறியவள் முன்பு பக்கத்து வீட்டில் இருந்த தோழி டெலியா.

"தேடிப் பாருடி, ஜாமுக்கு அடியில மீன் ஒளிஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுப் பூனைக்குக் காமிச்சா கோவிச்சுக்கும்டி."

பிறகு ஒயின் வந்தது. தகரக் குவளைகளில். "இது எங்க பண்ணையோட பாரம்பரியம்!" என்றார் ரூலோஃப். விருந்தினர்கள் மகிழ்ந்து கைதட்டினார்கள். அவர் கெட்டவரல்ல, குவளைகளைப் பளபளவென்று தேய்க்கச் சொல்லியிருந்தார்.

டெலியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் கொடிவரிசையில் ஒயின் வேண்டாமென்பவன் குவளையைக் கவிழ்த்து வைத்தால் போதும், யாரும் ஊற்றமாட்டார்கள். அப்படிக் கவிழ்த்தவன் எவனும் எங்கள் நினைவில் இல்லை என்பது வேறு விஷயம்.

"கவுத்து வைடி," என்று லேனியின் காதோரம் முணுமுணுத்தாள் டெலியா.

"வெச்சா? நாளைக்கு என் மகன எங்கடி படுக்க வைப்பேன்?"

லேனி எழுந்து நின்றாள். குவளையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நல்லாருக்கு, பாஸ்," என்றாள்.