ஒரு கிள்ளு லட்டு

என் மகளுக்கு ஐந்து வயதில் நான்கு சொத்தைப்பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து மூச்சை அடைத்துவிடுமாம். இரண்டு நாளாக அதையே அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அவள் நைனா குவைத்தில் இருந்தார். எனக்குக் கம்பெனியில் ஒரு நாள்தான் லீவு.

சத்தியவேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து நேராக வந்தவர். லட்டை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மகளிடமும் ஒரு கிள்ளு நீட்டினேன்.

"ஒண்ணும் துன்னக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தியே மா?"

"இது பிரசாதம்டி. வேணாம்னு சொல்லக் கூடாது. துன்னு."

அவள் மென்று விழுங்கிய கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, பாப்பா ஏதாவது சாப்பிட்டாளா என்று தெலுங்கில் கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திய பிறகுதான் என் விரலில் நெய் பிசுபிசுத்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்க வேண்டும். திருப்பி அனுப்பிவிடுவார்களே, இன்னொரு லீவுக்கு எவன் காலில் விழுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்றைக்கும் லட்டைக் கையில் வாங்கினால் அந்தக் கதவுதான் எதிரே நிற்கிறது.

அன்று கண் விழித்ததும், பஞ்சு திணித்த வாயோடு அவள் என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"நான் சொல்லல மா."