இரண்டு அளவு பெரிது

எண்பத்தாறாம் ஆண்டில் ஊரில் தம்பி செத்த செய்தி வந்தது. அதன்பிறகு, நான் புலம்பெயர்ந்து வந்த நகரின் மோர்னிங்சைட் வீதியில் தினமும் விடியற்காலையில் ஓடினேன். ஓடும்போது மட்டும் அவன் நினைவு வராது.

பனிக்காலத்துக்கு ஓட்டக்காரர் போடும் இறுக்கமான நீளக் காற்சட்டை வாங்கினேன். கால் வடிவு தெரியுமென்று வெட்கப்பட்டு இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன். உள்ளே காற்றுப் புகுந்தது. தொடை உரசிப் புண்ணானது. ஒரு கிழமை, ஏழு நாளும், ஓடவில்லை. அவன் நினைவாகவே கிடந்தேன்.

அறையில் கூட இருந்தவன் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணை, உது சாக்கு மாதிரிக் கிடக்கு. ஒட்டிப் பிடிச்சாத்தான் சூடு.”

“ஆக்கள் பாப்பினம்.”

“உந்தக் குளிருக்கை உங்கடை காலைப் பாக்க ஆர் வரப்போறான்?”

சரியான அளவு வாங்கினேன். குளிரவில்லை, உரசவுமில்லை. ஒரு மணித்தியாலம் ஓடினேன். தம்பி நினைவு வரவில்லை.

அறைக் கதவைத் திறந்ததும் வந்தது.