நைனாவுக்காக மாற்றிப் போட்ட ஒயர்

ஈயம் உருகும் புகை எங்கே மூக்கில் ஏறினாலும் கூடவே நெத்திலிக் கருவாட்டு வாசனையும் வந்துவிடும் எனக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், அம்மா மீன் காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டுதான் நான் முதன்முதலில் ஒயர் பற்றவைத்தேன். அப்போது எட்டாம் வகுப்பு.

ப்ளஸ் டூ படித்த அண்ணன் பிரபுவுக்கு அரசாங்க லேப்டாப் கிடைத்த வருஷம் அது. யாரிடமோ பென் டிரைவில் விமானம் ஓட்டும் விளையாட்டொன்றை ஏற்றிக்கொண்டு வந்தவன், பட்டனைத் தட்டி ஓட்டினால் விமானம் நொண்டுகிறது, கைப்பிடி வேண்டும் என்று ஒரே அடம். கடையில் வாங்க யாரிடம் காசு இருந்தது? பழவேற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்த்த பாய், "இன்னா புள்ள, ஏரோப்ளேன் உடப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டு, உடைந்த கேம் பேடு ஒன்றையும் பழைய டேப் ரெக்கார்டரின் 'வால்யூம்' குமிழ் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். ஐஸ் பெட்டிப் பலகை அடியாயிற்று, பிவிசி குழாய் தண்டாயிற்று, வலையில் கட்டும் மிதவை பிடியாயிற்று. தண்டு சாயும்போது குமிழ்கள் திரும்பும்படி அடியில் பொருத்தி, அவற்றின் ஒயர்களைக் கேம் பேடில் பற்றவைத்தேன். தண்டு தானாக நடுவுக்குத் திரும்ப நாலு பக்கமும் சைக்கிள் ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டினோம். ஒரு பக்கத்து ரப்பர் முறுக்காக இருந்ததால் எங்கள் விமானம் முதல் ஒரு வாரம் சாய்ந்துகொண்டேதான் பறந்தது.

நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் கை போனதும் அந்த வருஷம்தான். வலையை உதறும்போது திருக்கையின் வால் முள் வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. புண் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் ரப்பர் பந்து கொடுத்தார். "பந்து வெளாட நான் இன்னா கொழந்தையா?" என்று நைனா விட்டெறிந்ததைப் பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு ஓடியது.

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைப்பதை எங்கள் பக்கத்தில் 'பாடு' என்பார்கள். அதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் நைனாவின் கை படகின் சுக்கானைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் அவர் முறையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

சும்மா உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனுஷர் ஒரு மத்தியானம் எங்கள் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். மூன்று முறையும் விமானம் கடலில் விழுந்தது.

"இன்னா இது? இந்தாண்ட தள்ளினா அந்தாண்ட போவாம இந்தாண்டயே போவுது?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்று அம்மா மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அவனை ஓர் அறை விடலாம்போல ஆத்திரமாக வந்தது. சுக்கான் தடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். பதினைந்து வயதிலிருந்து சுக்கான் பிடித்த கை, விமானத்துக்கென்று வேறு புத்தியை எங்கே போய் வாங்கும்? இடம் வலம் திருப்பும் குமிழில் மூன்று ஒயர்கள் உண்டு. நடு ஒயரை விட்டுவிட்டு ஓரத்து இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அப்புறம் நைனா தள்ளினபடியெல்லாம் விமானம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் ஓட்டினார். மடங்காத விரல்களுக்குத் தோதாக மிதவையைச் சூடான கத்தியால் குடைந்தேன். வாரத்துக்கு ஒருமுறை அவருக்குத் தெரியாமல் ரப்பரை இறுக்கினோம், பிறகு சைக்கிள் ட்யூபை எடுத்துவிட்டு பைக் ட்யூபே போட்டோம். அதையும் அவர் மடக்கித் தள்ளினார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முழுசாக நம்பினேன். தலைகீழ் கைப்பிடியில் அண்ணனால் ஒரு தடவைகூட ஒழுங்காக இறக்க முடியவில்லை. "மாத்துடி, எரும," என்று கெஞ்சினான். நான் மசியவில்லை.

பாடு பேசுவதற்கு முந்தின நாள் நைனாவும் அண்ணனும் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார்கள். மறுநாள் ஊர்க்கூட்டம் முடிந்து வந்த நைனா, சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் ஓட்டவில்லை.

"பாப்பா, அந்த ஒயர மாத்திப் போட்டுரு."

"ஏன் நைனா? நல்லாத்தான ஓட்டுற?"

"ப்ளேனு எப்டிப் போவுமோ அப்டியே போவட்டும். என் மொறைய உங்க சித்தப்பன் பாத்துக்கும்."

நீரோட்டத்தில் படகு இழுத்தபோது கை தானாகச் சுக்கானை விட்டுவிட்டது என்று அண்ணன் பிறகு சொன்னான். ட்யூப் ரப்பரை வைத்து நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் முட்ட ஒயரைப் பற்றவைத்ததில் விரலைச் சுட்டுக்கொண்டேன். நைனா அந்தச் சரியாகாத கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஊதினார். அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அண்ணனை விட நன்றாக விமானம் இறக்கவும் பழகிவிட்டார்.

இன்று அந்த லேப்டாப் இல்லை, படகு இல்லை, பாயின் கடையில் மொபைல் ரீசார்ஜ் செய்கிறார்கள். கைப்பிடி எந்த மழையில் போனதென்றே தெரியவில்லை. நைனா மீஞ்சூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வருஷம் வேலை விஷயமாக நான் முதல்முறை கல்கத்தாவுக்கு விமானத்தில் போனேன். ஜன்னலுக்குக் கீழே எங்கள் ஏரி. இறங்கினதும் போன் போட்டேன்.

"நைனா, ஏரி முழுசாத் தெரிஞ்சுது."

"மொகத்துவாரம் தெறந்து இருந்துதா, மண்ணு மூடியிருந்துதா?" என்று கேட்டார்.

கடலிலிருந்து ஏரிக்கு மீன் வருகிற வழி அது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"தெரில நைனா. கவனிக்கல."

"சரி, வர்றப்ப பாத்துக்கினு வா," என்றார்.