பறைக்கு ஜமைக்கா என்று பேர்

அதே அடி ஜமைக்காவிலிருந்து வந்தால் கலை, உங்கள் ஊர்க் கோடியிலிருந்து வந்தால் தீட்டு என்று உங்களுக்குச் சொல்லித் தந்தது யார்? உங்கள் காது சொல்லியிருக்காது. காதுக்குச் சாதி தெரியாது.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பிறந்த கம்சனாவின் காதுக்கும் அது தெரியவில்லை. மேடை ஒலி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி முடித்தவள், இப்போது பேர்லின் நொய்கெல்னில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி டப் இசை போடுகிறாள்.

டப் பிறந்ததே ஒரு மறதியில்தான் என்பார்கள். அறுபதுகளின் கடைசியில், ஜமைக்காவில் இசைத்தட்டு வெட்டிய ஒருவர் பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டாராம். ஆட வந்தவர்கள் கோபிக்கவில்லை, தாங்களே பாடினார்கள். பிறகு, ரேடியோ திருத்திப் பிழைத்த கிங் டபி போன்றவர்கள் கிங்ஸ்டனின் ஏழைத் தெருக்களில் இருந்துகொண்டு அந்த மறதியை வேண்டுமென்றே செய்தார்கள். உச்சியில் உட்கார்ந்திருந்த குரலை இறக்கி, அடியில் கிடந்த பேஸ் கிற்றாரையும் டிரம்மையும் மேலே ஏற்றினார்கள். கூடவே எதிரொலியை அள்ளிக் கொட்டினார்கள்.

கம்சனாவுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அவளுடைய அப்பா தியாகராசா உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், பறைமேளம் அடிப்பவர். ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவில் அடிக்க ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். "செத்தவீட்டு மேளத்தை மங்கலமான இடத்தில அடிக்கேலாது, தியாகு" என்றார் தலைவர் முருகேசு. கடல் கடந்து, அகதி விண்ணப்பம் எழுதி, குடியுரிமையும் வாங்கிய பெரியவர் சாதியை மட்டும் சுங்கத்தில் காட்டாமல் கொண்டுவந்திருந்தார்.

இந்த வருட விழாவுக்கு ஒலி வேலை கம்சனாவுடையது. மண்டபம் நிரம்பும்போது ஒரு டப் போட்டாள். முருகேசு ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை இது? நெஞ்சுக்குள்ள இடிக்குது!"

"டப், அங்கிள். ஜமைக்காவில துவங்கினது."

"பாத்தியே! தாளம் எண்டா கறுப்பரின்ர இரத்தத்திலயே ஊறினது. என்ர பேச்சுக்குப் பின்னாலயும் இதையே மெதுவாப் போடு."

"அப்ப அப்பாவும் வந்து அடிக்கட்டோ?"

"அது வேற, இது வேற, பிள்ளை."

வேறு இல்லை. அந்த அடி, அப்பா நிலவறையில் அடிக்க அவளே பதிவு செய்து, எதிரொலியில் நனைத்து எடுத்தது.

திரைக்குப் பின்னால் தியாகராசா, குளிரில் தளர்ந்த பறைத் தோலைத் தலைமயிர் உலர்த்தும் மெஷினால் சூடாக்கிக்கொண்டிருந்தார். நெருப்பு மூட்டினால் புகைமணி அடித்து மண்டபமே அலறும் நாடல்லவா!

"வேண்டாம் பிள்ளை, ஏசுவினம்."

"ஏசட்டும் அப்பா. மைக் என்ர கையில."

முருகேசு பேசினார். பின்னால் அடி மெல்ல உருண்டது. முன்வரிசைக் கால்கள் தாளம் போட்டன.

"தமிழர் எல்லாரும் சமம்!" என்று முழங்கினார்.

கம்சனா அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்து எதிரொலியில் போட்டாள். சமம்... சமம்... சமம்... தலைவரின் குரலை விரலால் கீழே இழுத்தாள். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பிறகு பேஸை நீக்கினாள், எதிரொலியையும் நீக்கினாள். மிஞ்சியது வெறும் பறை. அதே அடியை அடித்தபடி தியாகராசா திரையை விலக்கி வந்தார்.

கால்கள் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாவம், அவற்றுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சிலர் எழுந்து போனார்கள். பின்வரிசையில் இளசுகள் கைதட்டினார்கள்.

"நிப்பாட்டு! எங்களை ஏமாத்திப்போட்டாய்!" என்று முருகேசு அவளிடம் ஓடிவந்தார்.

"நீங்கள் கேட்டதைத்தானே அங்கிள் போட்டனான்."

"இனி உன்ர பெட்டி இந்த மண்டபத்துக்குள்ள வராது!"

"சரி அங்கிள். அப்பா முடிக்கட்டும்."

அப்பா முடித்தார், அவசரப்படாமல், கடைசி அடிவரை. வியர்வையைத் துடைத்துவிட்டு, "சத்தம் காணுமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

சங்கம் இப்போது வேறு ஒலிக்காரரைத் தேடுகிறது. அடுத்த விழாவுக்கு உங்களுக்கும் அழைப்பு வரும். போங்கள். கதிரையில் உட்காருமுன், பறைமேளத்துக்கு மேடையில் இடமுண்டா என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேளுங்கள். இல்லை என்றால் உட்காராதீர்கள். பக்கத்தில் இருப்பவரையும் எழுப்பிக்கொண்டு வெளியே வாருங்கள்.