இவரை நான் அறிவேன்

என் வீட்டு வாசலில் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி கிடக்கிறது. இரண்டு தகரம் வைத்து அனுப்புவார்களே, அந்தப் பலகைப் பெட்டிதான். ஒரு பக்கம் உடைந்துவிட்டது. மேலே கோணிச்சாக்கை மடித்துப் போட்டிருக்கிறேன். அடுப்புக்குக் கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லி மருமகளுக்கு அலுத்துவிட்டது. கொடுக்க அது என் பெட்டியல்ல. மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து ஆசுபத்திரியில் மருந்து கொடுத்துப் புண் கட்டுகிறவனாக இருந்தபோது, அங்கே ஆப்பீசில் எழுத்து வேலை பார்த்த கிராணியாருடையது.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. சின்னத் தோட்டங்களை மூடிவிட்டு முதலாளிகள் போன இடம் தெரியவில்லை. ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக மலாக்கா ரோட்டில் நடந்தார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பலில் இலவசச் சீட்டு உண்டு. ஆனால் 'இவரை நான் அறிவேன், தோட்டத்தில் வேலை செய்தவர்' என்று ஒரு கிராணி எழுதித் தர வேண்டும். மூடின தோட்டத்தில் எழுத யார் இருக்கிறார்கள்? எங்கள் கிராணியாரைத் தேடி வந்தார்கள்.

அவர் வேதக்காரர், பொய் எழுத மாட்டார். முகம் தெரியாத ஆளை 'அறிவேன்' என்று எப்படி எழுதுவது? அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பெட்டி. வந்தவரை இதில் உட்கார வைத்து, ஒரு குவளை கோப்பி கொடுத்து, கேட்க ஆரம்பிப்பார். எந்த ஊர், எந்தத் தோட்டம், கங்காணி யார், குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஆறா காடா, முதல் பிள்ளை எங்கே பிறந்தது, அம்மா செத்த சேதி யார் கொண்டுவந்தது. குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் போய்விடும். சிலர் அழுவார்கள், சிலர் இல்லாத வம்பெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். கடைசியில், "சரி, இப்ப உங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுப்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். என் தொழில் அப்படி. வேலைக்குப் போகாமலிருக்க வயிற்றுவலி, தலைவலி என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். என்னை எவனும் ஏய்த்ததில்லை என்று அத்தனை மண்டைக்கனம்.

ஒருநாள் காலில் புண்ணோடு ஒருவன் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தான். பெண்டாட்டி செத்துப்போனாளாம். புண்ணை நான் கட்டிவிட்டேன், கிராணியார் கடிதம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து நான் ஆப்பீசுக்குப் போனால், பெட்டியில் ஒருவன் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். மீசை இல்லை, பெயர் வேறு, கூட வந்த பிள்ளைகளும் வேறு. கால் கட்டைப் பார்த்தேன். அழுக்கேறிப் போயிருந்தது, ஆனால் அந்த முடிச்சு என் முடிச்சு! மூன்று வாரமாக அவன் அதை அவிழ்க்கவே இல்லை. "புண் ஆறிடுச்சா?" என்றுதான் கேட்டேன். ஆள் குவளையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினான். கடிதம் வாங்கி விற்கிறவன்.

ஒரு மணி நேரம் பேசி அறிந்த ஆளை உங்களுக்கே அடையாளம் தெரியவில்லையே என்று கிராணியாரைக் கேலி செய்தேன். அதோடு விட்டேனா? என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டுமே. தோட்டத்தை நடத்தும் தொரையிடமும் போய்ச் சொன்னேன். தொரை சிரிக்கவில்லை. இனிமேல் கடிதத்தில் டிரஸ்ஸர் கையெழுத்தும் வேண்டும், அது இல்லாமல் ஓர் ஆளுக்குச் சாட்சி சொன்னாலும் கிராணிக்கு வேலையும் கிடையாது, வீடும் கிடையாது என்று உத்தரவு போட்டார். கிராணியாருக்கு நான்கு பெண்கள்.

அடுத்த வாரம் காலையில் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. ஜாசின் பக்கத்துத் தோட்டம் என்றாள். கோப்பி முழுவதையும் பிள்ளைக்கே கொடுத்தாள். கங்காணி பெயரை முதலில் ஒன்று சொன்னாள், பிறகு வேறொன்று. புருஷன் காய்ச்சலில் செத்தான் என்றாள். கொஞ்ச நேரம் போனதும் மரம் விழுந்து செத்தான் என்றாள். கிராணியார் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்தம்மா பொய் சொல்றாங்க. நான் போட மாட்டேன்" என்றேன். அவள் காதுபடத்தான் சொன்னேன்.

"எனக்கும் தெரியுது டிரஸ்ஸர். எதுக்குப் பொய் சொல்றாங்கன்னுதான் தெரியல. பயந்துபோய்க்கூடச் சொல்லலாம் லா."

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவில்லை. எழுந்து பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள். சாக்கை உதறி, மடித்து அதன்மேல் போட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கிராணியார் பேனாவை மூடினார். கோட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ அவளை பஸ்ஸில் ஏற்றி மலாக்காவுக்கே கூட்டிப்போய், அதிகாரி முன்னால் நின்று, இவரை நான் அறிவேன் என்று வாயால் சொல்லியிருக்கிறார். டிரஸ்ஸர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்களாம். அவருக்குச் சம்மதமில்லை, எனக்குச் சம்மதம் என்றாராம். தொரைக்குச் சேதி வந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் கிராணியார் வீட்டுச் சாமான்கள் மாட்டுவண்டியில் ஏறின. மலாக்கா பக்கம் தெங்கேராவில் ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்திருந்தது. நான் போட வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து.

வண்டியண்டை போய் நின்றேன். மன்னியுங்கள் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் எதுதான் நிஜம் என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது, பாருங்கள்.

"தெரியல டிரஸ்ஸர். சீட்டு கெடைச்சிருச்சு. புள்ள பஸ்லயே தூங்கிருச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

வண்டியில் இடமில்லாமல் பெட்டி மட்டும் நின்றுவிட்டது. நான் எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் நான் ஒன்றும் தர்மவானாகிவிடவில்லை. இன்றும் வாசலில் யாராவது வந்து நின்றால் குறுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடிவதில்லை. ஏய்க்க வந்தவன் ஒருவன் திரும்பி வந்தான், என் முடிச்சாலேயே அகப்பட்டான். நான் நம்பாமல் விரட்டியவர்களில் நிஜம் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வழியில்லை. அவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

இன்று காலை வாசல் கூட்டும்போது மருமகள் பெட்டியை நடுவில் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் எழுந்து போய் அதைச் சுவரோரம் தள்ளி, சாக்கை உதறி மடித்து அதன்மேல் போட்டேன்.