ஜெரேனியத்துக்குப் போட்ட ஈரச் சாக்கு

எங்கள் சாத்தூர்ப் பக்கம் செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவோம். ஓசூரில் தண்ணீர் ஊற்றியே செடியைச் சாகடிக்கலாம் என்பதை, வந்து ஆறு வருடம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் அடுத்தவர் செடியை வைத்து.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பக்கத்து வீடு ரத்னம்மா அக்கா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், என்னிடம் தமிழ். பாகலூர்ப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை. அங்கே ஒடித்துப் போடும் ஜெரேனியத் தண்டுகளைக் கொண்டுவந்து பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டு, வாசல் முழுக்கச் சிவப்பாகப் பூக்க வைத்திருந்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பூவுக்கு முன்னால் நிறுத்தித்தான் போட்டோ எடுப்பேன், ஏதோ நான் வளர்த்த மாதிரி.

அவருடைய அப்பா கீழே விழுந்துவிட்டார் என்று ஒருநாள் போன் வந்தது. அழுதுகொண்டே கிளம்பியவர், பதற்றத்தில் தன் பாஷையிலேயே செடிகளைக் காட்டிச் சொன்னார்: "வாரக்கெ ஒந்து சல நீரு சாக்கு." வாரம் புரிந்தது, நீர் புரிந்தது. சாக்கு தெரியாதா என்ன? கத்தரி வெயிலில் மிளகாய் நாற்றை ஈரச் சாக்கு போட்டுக் காப்பாற்றுகிற ஊர்க்காரி நான். கோணிச் சாக்குகளை நனைத்து வாளிகளைச் சுற்றிக் கட்டினேன், மேலேயும் மூடினேன். வாரம் ஒருமுறை நனைத்தால் போதுமா என்று மனசு கேட்காமல் தினமும் நனைத்தேன். "எங்கம்மாவுக்குக்கூட நீ இவ்வளவு செஞ்சதில்ல" என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

அப்பா தேறியதும் அக்கா திரும்பி வந்து சாக்கை விலக்கினார். தண்டெல்லாம் கறுத்து அழுகி, தொட்டதும் கையோடு வந்தது.

"நீங்கதானக்கா சாக்கு போடச் சொன்னீங்க?"

அக்கா கையோடு வந்த தண்டைக் கீழே போட்டார். "சாக்குன்னா போதும்னு அர்த்தம் சுமதி. வாரத்துக்கு ஒருக்கா ஊத்துனா போதும்னேன். இத்தன வருசமா இங்கயே இருக்கற, நீயும் நம்மூர்க்காரி ஆயிட்டன்னு நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸிலும் சந்தையிலும் தினமும் காதில் விழுகிற வார்த்தை அது. எனக்காக அவர் ஒரு மொழியே பேசினார். அவருக்காக நான் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லித் தப்பிக்க ஒரு சாக்கும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சாத்தூர் போனால் என்னை ஓசூர்க்காரி என்கிறார்கள். அதற்கும் பெருமையாகத் தலையாட்டித்தான் வந்திருக்கிறேன்.

எதிர்வீட்டு அம்மா என்ன ஆயிற்று என்று கேட்க, அக்கா வாளிகளைக் கவிழ்த்தபடியே கன்னடத்தில் சொன்னார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். அக்கா பதிலுக்கு ஏதோ சொன்னார். ஏசுகிறார்களா, எனக்காகப் பரிந்து பேசுகிறார்களா, தெரியவில்லை. துடைப்பமும் கையுமாக இருவருக்கும் நடுவில் நின்றேன். என் பெயர் மட்டும்தான் புரிந்தது.